ஸ்கேனருக்கு எந்தக் கரண்ட், எந்தக் கம்பி?

ரேடியோ பேச்சைத் தேடி அலைவரிசை அலைவரிசையாகத் தாவும் வானொலிப் பெட்டிதான் ஸ்கேனர். விடியற்காலை ஐந்து மணிக்குத் தெளிவாகக் கேட்கும் அந்தப் பெட்டி, மாலை ஏழு மணிக்கு ஊமையாகிவிடுகிறதா? ஆன்டெனாவைத் திட்டுவதற்கு முன்னால் வீட்டில் என்னென்ன எரிகிறது, என்னென்ன சார்ஜ் ஆகிறது என்று ஒரு சுற்றுப் பாருங்கள். எல்இடி குழல்விளக்கு, செல்போன் சார்ஜர், வைஃபை ரூட்டரின் அடாப்டர், டிவி, இன்வெர்ட்டர் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம்தான்.

நல்ல ஸ்கேனர் ஒன்றுக்கு, ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 0.3 மைக்ரோவோல்ட் வந்தாலே பேச்சு புரிந்துவிடும். சார்ஜருக்குள் நடப்பதோ வேறு கணக்கு. 230 வோல்ட் ஏசியை டிசியாக்கி, அதை விநாடிக்கு 50 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் முறை வரை வெட்டித்தான் 5 வோல்ட் எடுக்கிறார்கள். வெட்டு எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு உயரத்துக்கு அதன் மடங்கு அலைகள் ஏறும். நூறு மெகாஹெர்ட்ஸைத் தாண்டியும் போகும். அவை வெளியே கசியாமல் தடுக்க உள்ளே ஒரு சோக்கும் (கம்பிச்சுருள்) இரண்டு மூன்று கெப்பாசிட்டர்களும் இருக்க வேண்டும். மலிவு விலை அடாப்டரைப் பிரித்தால், போர்டில் அவற்றுக்கான இடம் இருக்கும், பாகம் இருக்காது.

எனவே முதல் வேலை ஒரு சோதனை. கையடக்க ஸ்கேனர் என்றால் செல் போட்டுக்கொள்ளுங்கள். மேசை ஸ்கேனர் என்றால் யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இணையுங்கள். ஆள் பேசாத ஒரு அலைவரிசையில் நிறுத்தி, ஸ்குவெல்ச்சை (பேச்சு வராத நேரத்தில் ஒலியை அடைக்கும் வசதி) திறந்து, மோடை ஏஎம்முக்கு மாற்றுங்கள். ஏஎம் ஏன்? எஃப்எம் மோடில் இரைச்சல் பத்து மடங்கு ஏறினாலும் காதுக்கு ஒரே 'ஸ்ஸ்' தான்; உள்ளே இருக்கும் லிமிட்டர் அதைச் சமன்செய்துவிடும். ஏஎம்மில் இரைச்சல் கூடினால் சத்தமும் கூடும். இப்போது வீட்டின் மெயினை அணையுங்கள். சத்தம் சட்டென்று விழுந்தால் திருடன் வீட்டுக்குள் இருக்கிறான். எம்சிபிக்களை (அறைகளுக்கான தனித்தனி சுவிட்சுகள்) எல்லாம் இறக்கி, மெயினைப் போட்டுவிட்டு அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த அறை என்று தெரிந்துவிடும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயினை அணைத்ததும் அது தானாக ஓடத் தொடங்கி, சோதனையையே கெடுத்துவிடும்.

மெயின் அணைந்தும் சத்தம் குறையவில்லையென்றால் அது பக்கத்து வீடு, தெருவிளக்கு, அல்லது தளர்ந்த மின்கம்பி இணைப்பு. கம்பத்திலிருந்து வரும் பொறி இரைச்சல் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். மழை பெய்து கம்பத்தைக் கழுவியதும் சில நாள் குறைந்துபோகும். அதற்கு மின்வாரியத்தில் புகார் கொடுப்பதுதான் வழி. கம்பத்தைத் தட்டிப் பார்க்கும் வேலை ஒருபோதும் வேண்டாம்.

அடுத்து ஸ்கேனருக்கான கரண்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஸ்கேனர் என்றால் அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானதா என்று முதலில் பாருங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகையை நம் 230 வோல்ட் ப்ளக்கில் செருகினால் சில நிமிடங்களில் புகைதான். ப்ளக் அமைப்பை மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் வோல்ட்டை மாற்றாது. ஸ்கேனரின் முதுகில் 13.8 வோல்ட் என்று எழுதியிருப்பது கார் இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் வோல்ட்; 12 வோல்ட் பேட்டரியிலும் அது நன்றாகவே ஓடும். பின்னின் நடுப்புள்ளி பாசிட்டிவா நெகட்டிவா என்பதை மட்டும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், ஊகம் வேண்டாம்.

இரைச்சலே இல்லாத கரண்ட் வேண்டுமென்றால் பேட்டரிதான். 300 மில்லிஆம்பியர் இழுக்கும் ஸ்கேனருக்கு 7 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படி 23 மணி நேரம். பேட்டரி நீண்டநாள் உழைக்கப் பாதியோடு நிறுத்தினால் 11 மணி நேரம். கேட்காத நேரத்தில் சார்ஜ் போடுங்கள், கேட்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். மதுரை வெயிலுக்கு ஒரு திருத்தம் உண்டு: நிரந்தரமாகச் சார்ஜில் விடும் பேட்டரிக்கு 25 டிகிரியில் 13.5 முதல் 13.8 வோல்ட் சரி. சூடு ஒரு டிகிரி ஏறினால் 18 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். சித்திரை மாதத்தில் அறை 40 டிகிரி என்றால் கால் வோல்ட்டுக்கு மேல் குறைய வேண்டும். குறைக்காவிட்டால் பேட்டரி உள்ளுக்குள் வறண்டு, வயிறு உப்பிப்போகும்.

நாள் முழுக்க ஓட வேண்டும் என்பவர்கள் பழைய பாணி லீனியர் சப்ளை (கரண்ட்டை வெட்டாமல் வோல்ட்டைக் குறைக்கும் வகை) கட்டிக்கொள்ளலாம். டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டு வாங்கக்கூடிய பாகங்கள்தான்: 15 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்5408 டயோடு, 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வோல்ட்டை நிலையாக வைக்கும் எல்எம்317 ரெகுலேட்டர், ஹீட்சிங்க். ரெசிஸ்டர்கள் 240 ஓம், 2.4 கிலோ ஓம். வெளியீடு சுமார் 13.8 வோல்ட் வரும். இரண்டாவது ரெசிஸ்டருக்குப் பதில் பிரீசெட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) போடும் ஆசை பலருக்கு வரும். வேண்டாம். பிரீசெட்டின் முனை தேய்ந்து தொடர்பு விட்டால் வோல்ட் மொத்தமும் ஸ்கேனருக்குள் பாயும். கெப்பாசிட்டர் 25 வோல்ட் அளவில் இருந்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வார், போதாது. மெயின் 250-க்கு ஏறி, லோடும் இல்லாத நேரத்தில் அங்கே 25 வோல்ட்டைத் தாண்டும். 35 வோல்ட் வாங்குங்கள். ஒவ்வொரு டயோடுக்கும் குறுக்கே '103' என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால், டயோடு அணையும்போது எழும் சிணுங்கல் நிற்கும். எல்எம்317-இன் முதுகுத் தகடு அதன் வெளியீட்டு முனையும்கூட. இரும்புப் பெட்டியில் முடுக்கினால் மைக்கா தாள் இல்லாமல் ஷார்ட் ஆகும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் 250 மில்லிஆம்பியர் ஃப்யூஸும் வெளியீட்டில் 1 ஆம்பியர் ஃப்யூஸும் கட்டாயம்.

இந்தச் சப்ளை இரண்டு இடத்தில் தோற்கும். மெயின் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் ரெகுலேட்டருக்குத் தேவையான கூடுதல் வோல்ட் கிடைக்காது. 100 ஹெர்ட்ஸ் 'உம்' சத்தம் ஸ்பீக்கரில் வந்துவிடும். இன்னொன்று, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சைன் அலையில் 230 வோல்ட் என்றால் உச்சம் 325. சதுர அலையில் உச்சமே 220 சொச்சம்தான். மல்டிமீட்டர் ஒன்றுபோலக் காட்டினாலும் கெப்பாசிட்டரில் ஏறுவது உச்ச வோல்ட் என்பதால் 13.8 எட்டாது. கரண்ட் போன நேரத்தில் பேட்டரிக்கு மாறுவதே சரி. இன்வெர்ட்டரின் பெரிய பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் இன்வெர்ட்டர் ஓடும்போது அதன் இரைச்சல் அந்தக் கம்பி வழியாகவே வந்து சேரும்.

அடாப்டரின் இரைச்சல் காற்றில் மட்டும் வருவதில்லை. டிசி வயரின் நெகட்டிவ் வழியாக ஸ்கேனர் உடம்புக்கு வந்து, அங்கிருந்து ஆன்டெனா கேபிளின் வெளிப் பின்னலில் ஏறி மாடிக்குப் போகிறது. ஆன்டெனா அதை மறுபடி பிடித்து உள்ளே அனுப்புகிறது. அடாப்டர் வயரில் மாட்டும் ஃபெரைட் மணி (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) இதற்கு மருந்து. மணிக்குள் சுற்று எண்ணிக்கை இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும் என்பது குறைந்த அலைவரிசைக்குச் சரி. 145 மெகாஹெர்ட்ஸில் அதிகச் சுற்றுகள் பக்கத்துப் பக்கத்தில் படிந்து குறுக்குவழி ஏற்படுத்திவிடும். இரண்டு சுற்றோடு மூன்று மணிகளை வரிசையாக மாட்டுவது மேல். ஆன்டெனாவுக்கு அடியில் கேபிளிலும் இதே மணிகளை வரிசையாக மாட்டினால் பின்னல் வழி ஏறும் இரைச்சலுக்கு அங்கேயும் ஒரு தடை.

இனி ஆன்டெனா. ஸ்கேனரோடு வரும் ரப்பர் கோல் ஒரு சமரசம்; கான்கிரீட் கூரைக்கும் இரும்பு ஜன்னல் கம்பிக்கும் நடுவில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. மொட்டை மாடிக்கு ஏற்ற எளிய ஆன்டெனா கால் அலை கிரவுண்ட் பிளேன். நீளத்தைச் சென்டிமீட்டரில் அறிய 7130-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள்: 145-க்கு 49 சென்டிமீட்டர். எஸ்ஓ-239 எனப்படும் ஆன்டெனா கேபிள் சாக்கெட்டின் நடு முனையில் 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்றை 49 சென்டிமீட்டருக்கு நிமிர்த்திப் பற்றவையுங்கள். நான்கு மூலைத் துளைகளில் நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் 52 சென்டிமீட்டர், குடைக் கம்பிபோல் 45 டிகிரி கீழே சாய வேண்டும். சாய்க்காமல் படுக்கையாக விட்டால் மின்தடை 36 ஓம்; சாய்த்தால் ஏறக்குறைய 50 ஓம், கேபிளுக்குப் பொருந்தும். இதே ஆன்டெனா 435 மெகாஹெர்ட்ஸுக்கு முக்கால் அலையாகி அங்கேயும் வேலை செய்யும் என்பது ஒரு இலவச இணைப்பு. பற்றவைத்த இடத்தை எம்-சீல் வைத்து மூடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அதில் சொட்டிவிடும்.

எவ்வளவு உயரம்? இரண்டு ஆன்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வரும். 10 மீட்டர் உயர இரண்டு மாடிகளுக்கு நடுவே 26 கிலோமீட்டர்தான். கோடைக்கானல் மலை உச்சியிலிருந்து 100.5-இல் வரும் பண்பலை தென் மாவட்டங்களில் பரந்து கேட்பதற்கு இந்தக் கணக்கே காரணம். 2000 மீட்டர் உயரம் தனியாகவே 184 கிலோமீட்டர் கொடுக்கிறது. கணக்கு எவ்வளவு சொன்னாலும் பாறை குறுக்கே நின்றால் போச்சு. ஒத்தக்கடையில் ஆனைமலை அடிவாரத்து வீட்டுக்கு மலைக்கு அந்தப் பக்கம் நிழல்தான். நாகமலை, திருப்பரங்குன்றம் ஓரத்து வீடுகளுக்கும் அதே கதை. மாடியில் எந்த மூலை என்று முடிவுசெய்யும்போது தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் சோலார் பேனலிலிருந்தும் தள்ளி வையுங்கள். அழகர்கோவில் பக்கம் குடியிருப்பவர்கள் குரங்குகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பளபளக்கும் கம்பியை அவை விடுவதில்லை.

கேபிள் விஷயத்தில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. ஸ்கேனர் 50 ஓம், ஆகவே 50 ஓம் ஆர்ஜி-58 தான் வேண்டும் என்பார்கள். 15 மீட்டர் ஆர்ஜி-58-இல் 150 மெகாஹெர்ட்ஸில் 3 டெசிபல் போய்விடும், அதாவது வந்த சக்தியில் பாதி. கேபிள் டிவிக்காரர் வைத்திருக்கும் 75 ஓம் ஆர்ஜி-6-இல் அதே 15 மீட்டருக்குச் சுமார் 1.2 டெசிபல். ஓம் பொருந்தாததால் வரும் நஷ்டம் 0.2 டெசிபல். கேட்பதற்கு மட்டும் என்றால் விலை குறைந்த ஆர்ஜி-6 தான் வெல்கிறது. அதன் பின்னல் அலுமினியம், ஈயம் ஒட்டாது. எஃப் கனெக்டரை அழுத்திப் பொருத்தி, ஸ்கேனரின் பிஎன்சி ஆன்டெனா சாக்கெட்டுக்கு ஒரு அடாப்டர் மாட்டுங்கள்.

ஆன்டெனா நன்றாக அமைந்ததும் புதுத் தொல்லை ஒன்று வரும்: 119.7-இலும் 124.7-இலும் சினிமாப் பாட்டு. ஸ்கேனர் பழுதில்லை. வந்த சிக்னலை உள்ளே 10.7 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளும் பழைய ஸ்கேனர்களுக்கு 21.4 தள்ளி ஒரு பிம்பம் தெரியும். மதுரையின் 98.3-ஐயும் அகில இந்திய வானொலியின் 103.3-ஐயும் 21.4-ஓடு கூட்டிப் பாருங்கள். 88 முதல் 108 வரை அடைக்கும் எஃப்எம் ஃபில்டர் ஒன்றைக் கேபிளுக்கும் ஸ்கேனருக்கும் நடுவில் மாட்டுவதே நேர்வழி. டிவி பூஸ்டர் மாட்டினால் எல்லாமே இன்னும் கெடும்.

பாதுகாப்பில் பேரமில்லை. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது. கம்பத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் விடுங்கள். கம்பத்தின் எர்த், வீட்டு எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். தனித்து விட்டால் இடி நேரத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள வோல்ட் ஸ்கேனர் வழியாகப் பாயும். கோடையில் எர்த் குழி வறண்டால் தடை ஏறும், தண்ணீர் ஊற்றுங்கள். சித்திரை வைகாசிக் கோடை இடிக்கும் ஐப்பசி மழைக்கும் கேபிள், கரண்ட் இரண்டையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள், கேபிள் முனையை வீட்டுக்கு வெளியே வையுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு அதைத் தொடக்கூடாது.

எதைக் கேட்பது என்பதிலும் எல்லை உண்டு. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி செய்திகளைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல்துறை அலைவரிசைப் பக்கமே போகாதீர்கள். 12 வயது நிரம்பிய எவரும் எழுதக்கூடிய அமெச்சூர் தேர்வை எழுதி உரிமம் வாங்கிக்கொண்டால் 144 முதல் 146 வரை கேட்பதோடு பேசவும் செய்யலாம்.

ஆன்டெனா தேறியதா என்று பார்க்கச் சர்வதேச விண்வெளி நிலையத்தைவிட நல்ல சோதனை இல்லை. அதில் இருக்கும் அமெச்சூர் ரிப்பீட்டர் ஓடும் நாட்களில் 437.800-இல் பேச்சு வரும். நிலையம் நம்மை நோக்கி வரும்போது டாப்ளர் விளைவால் அலைவரிசை 10 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறி, விலகும்போது அதே அளவு இறங்கும். ஆகவே 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து சேனல்களை நேரோ எஃப்எம்மில் வரிசையாக நிரப்பி ஸ்கேனில் விடுங்கள். தொடுவானில் அது இருக்கும்போது தூரம் 2300 கிலோமீட்டர், தலைக்கு மேல் வரும்போது 400 சொச்சம். முதல் குரல் 437.810-இல் தான் விழும்.