பிழைத்தவர் கதையும் மருந்தின் கதையும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் பெரும்போக வேளாண்மை தொடங்கினால் பாம்புக்கடியும் கூடவே வந்துவிடும். வட்டையில் வேலை செய்பவர்களும் இரவில் வாடியில் காவல் கிடப்பவர்களும்தான் அதிகம் கடிபடுகிறார்கள். விஷகடி வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பிழைத்த கதை எந்த ஊரிலும் ஒன்றாவது இருக்கும். அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கலாம். விஷப்பாம்பே கடித்தாலும் சிலவேளை விஷம் உடம்புக்குள் போகாது. அப்போது எந்தப் பச்சிலையைக் கட்டினாலும் ஆள் எழும்பி நடப்பார். பிழைக்காமல் போனவரின் கதையை யாரும் சொல்லித் திரிவதில்லை. (கடித்த இடத்தைக் கீற வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காலை அசைக்க விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.)

சரி, இதே கேள்வியை ஆஸ்பத்திரி மருந்துகளிடமும் கேட்கத்தானே வேண்டும்? நமது ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவது. உயிர் காப்பதும் அதுதான், பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்புவதும் அதுதான்: உடம்பு தடிக்கும், நடுங்கும், சிலருக்கு மூச்சு முட்டி இரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதைத் தடுக்க முன்கூட்டியே ஹைட்ரோகோட்டிசோன், புரொமெதசின் ஊசிகளைப் போடுவது நீண்டகால வழக்கம். வழக்கம் என்பதைவிடப் பெரிய ஆதாரம் அதற்கு இருக்கவில்லை.

இலங்கையில் 1,007 பாம்புக்கடி நோயாளர்களிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும், அட்ரினலின் என்ற இன்னொரு ஊசியையும் சோதித்தது. புரொமெதசினால் பலன் தெரியவில்லை. ஹைட்ரோகோட்டிசோனாலும் இல்லை, அட்ரினலினோடு சேர்த்துக் கொடுத்தபோது அது அட்ரினலினின் பலனையே குறைத்தது. சிறிய அளவில் தோலுக்கடியில் போட்ட அட்ரினலின் மட்டும், முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமையை 43 வீதம் குறைத்தது. வார்டில் அனுபவத்தை மட்டும் நம்பியிருந்தால் இது பிடிபட்டிருக்காது, ஏனென்றால் மூன்று ஊசியில் எதைப் போட்டாலும் பெரும்பாலானவர்கள் பிழைத்துத்தான் வீடு போகிறார்கள்.

“எங்கட அப்பாவை வெச்சா சோதிச்சுப் பாக்கப் போறீங்க, டொக்டர்?” என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. மேலே சொன்ன ஆய்வில் விஷமுறிவு மருந்து எல்லோருக்கும் கிடைத்தது. அதற்கு முன் போடும் ஊசியில்தான் வித்தியாசம். சிலருக்கு அது மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பதை டொக்டரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. எழுமாறாகத்தான் விழும். டொக்டரிடம் விட்டால், தேறிவிடுவார் என்று தோன்றுகிறவருக்கு ஒன்றும் மோசமாகக் கிடப்பவருக்கு வேறொன்றும் கொடுப்பார். அப்புறம் மருந்தின் பலன் எது, ஆளின் உடல்பலம் எது என்று பிரிக்க முடியாது.

ஒப்பிடும் குழு ஏன் வேண்டும் என்பதற்குப் பிரஷர் கிளினிக்கில் இன்னொரு உதாரணம். மூன்று மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கி இலங்கையில் 700 பேரிடம் ஆராய்ந்து, முடிவை 2018இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோருக்கு அழுத்தம் இலக்குக்குள் வந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களிலும் 55 வீதமானோருக்கு வந்தது. இரண்டாவது கணக்கு இல்லாவிட்டால் முழு 70ஐயும் குளிசையின் பெயரிலேயே எழுதியிருப்போம். மருந்து விளம்பரங்கள் பெரும்பாலும் முதல் கணக்கோடு நின்றுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

உங்களையோ உங்கள் வீட்டாரையோ ஓர் ஆய்வில் சேரச் சொன்னால் அவசரப்படாதீர்கள். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததா, இலங்கையின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருக்கிறதா, உடம்புக்கு ஏதும் வந்தால் செலவு யாருடையது என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள். மறுத்தாலும், நடுவில் விலகினாலும், உங்களுக்குரிய சிகிச்சை குறையக்கூடாது. சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். இரவிலும் அழைக்கக்கூடிய தொலைபேசி இலக்கம் அதில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.