வாடகைக்கு விட்ட வீட்டில் யார் தங்குகிறார்கள் என்று தெரியுமா?

சிங்கப்பூரில் சொத்து முகவராக இருப்பவர்களிடம் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது: "வீடு சும்மாதானே கிடக்கிறது, சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு நாலு நாள், ஒரு வாரம் என்று விடலாமா?" விடக்கூடாது. கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடி வீடோ தரைவீடோ, தனியார் வீடு என்றால் வாடகைக்கு வருபவர் தொடர்ந்து குறைந்தது மூன்று மாதம் தங்கவேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டுக்கு ஆறு மாதம், அதுவும் கழகத்திடம் அனுமதி வாங்கிய பிறகுதான். ஓர் அறையை மட்டும் விட்டாலும் இதே கணக்குதான். தனியார் வீட்டுக்கும் முன்பு ஆறு மாதமாகத்தான் இருந்தது. 2017ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் அதை மூன்றாகக் குறைத்தது.

"அப்புறம் எப்படி இணையத்தில் இத்தனை வீடு தெரிகிறது?" என்பார்கள். விளம்பரம் இருக்கிறது என்பதற்காக அது சட்டப்படி சரியாகிவிடாது. ஒரு கொண்டோவில் நான்கு வீடுகளை இப்படிக் குறுகிய காலத்துக்கு விட்ட இருவருக்கு 2018ல் நீதிமன்றம் தலா 60,000 வெள்ளி அபராதம் போட்டது. சட்டத்தில் உச்ச அபராதம் 200,000 வெள்ளி.

விதியைத் தெரிந்தே மீறுபவர்களைவிட, தெரியாமல் மாட்டிக்கொள்ளும் வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். உரிமையாளர் வேலைக்காக வெளிநாட்டில் இருந்தார். கேட்ட வாடகைக்கு மேலேயே தருகிறேன் என்று ஒருவர் வந்தார், இரண்டு வருட ஒப்பந்தம், வாடகை ஒருநாள்கூடத் தாமதமில்லை. பக்கத்து வீட்டு அம்மா, தினமும் இரவு பெட்டி உருளும் சத்தம், வாரத்துக்கு வாரம் புதுப்புது முகம் என்று நிர்வாகத்திடம் புகார் கொடுத்த பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்தோம். கதவில் எண் போட்டுத் திறக்கும் பூட்டு புதிதாக மாட்டியிருந்தது, ஒவ்வோர் அறையிலும் அடுக்குக் கட்டில், அலமாரியில் ஒரே மாதிரி வெள்ளைத் துண்டுகள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள்: வைஃபை கடவுச்சொல், காலை 11 மணிக்குள் அறையைக் காலி செய்யவும், குப்பையைக் கீழே போடவும். வாடகைக்கு எடுத்தவர் அங்கே ஒருநாள்கூடத் தங்காமல், வந்துபோகிறவர்களுக்கு நாள்கணக்கில் விட்டிருக்கிறார் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

உரிமையாளர் பதறிப்போனார். "எனக்கு ஒன்றுமே தெரியாதே" என்றார். உண்மைதான், ஆனால் வீட்டைக் கண்காணிக்க என்ன செய்தீர்கள் என்று அதிகாரிகள் கேட்டால் காட்டுவதற்கு அவர் கையில் எதுவுமே இல்லை.

அதனால் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். குடிவருபவர் வெளிநாட்டவர் என்றால், இங்கே தங்குவதற்கான அவருடைய அனுமதி அட்டையின் அசலைக் கடப்பிதழோடு ஒப்பிட்டு, அரசாங்க இணையத்தளத்திலும் சரிபாருங்கள். குறிப்பாக, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவரும் தங்கப்போகிறவரும் வேறு வேறு ஆள் என்றால் தங்கப்போகிறவர்களின் பெயர்களையும் எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்துக்குக் குறைவாக யாருக்கும் உள்வாடகைக்கு விடக்கூடாது, விட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று தெளிவாக ஒரு வரி இருக்கட்டும். அவ்வப்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டு நேரில் போய்ப் பாருங்கள், தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருந்தால் நம்பிக்கையான ஆளை அனுப்புங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் போதும்.

இன்னொன்றும் நடக்கிறது. தாளில் மூன்று மாதம் என்று எழுதிக்கொண்டு மூன்று வாரத்தில் ஆளை அனுப்பிவிடுவது. இதற்கு எந்த முகவராவது யோசனை சொன்னால் அவரை விட்டு விலகுங்கள். எழுதியிருப்பதை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யமாட்டார்கள், ஆள் நிஜமாக எத்தனை நாள் தங்கினார் என்று பார்ப்பார்கள்.

விதி ரொம்பக் கடுமை என்று சொல்பவர்களுக்கு: தளர்த்தலாமா என்று ஆணையமே 2018ல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. குறுகிய காலத்துக்கு விட, கட்டடத்தில் பங்கு மதிப்புப்படி (பொதுச் சொத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கின் கணக்குப்படி) 80 விழுக்காடு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும், வருடத்துக்கு 90 நாளுக்கு மேல் விடக்கூடாது என்றொரு திட்டம் முன்வைக்கப்பட்டது. 2019ல், இருக்கும் விதியே தொடரட்டும் என்று முடிவானது. அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். லிஃப்டில் கூட வருபவர் யார் என்று தெரியாத கட்டடத்தில் பிள்ளைகளைத் தனியாகக் கீழே விளையாட அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? நீச்சல் குளத்துக்கும் காவலாளிக்கும் பராமரிப்புப் பணம் கட்டுவது அங்கே குடியிருக்கிறவர்கள்தான், லாபம் மட்டும் ஒருவருக்குப் போகிறது.

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் உங்கள் வீட்டில் காசில்லாமல் தங்குவது வேறு விஷயம், அதை வாடகையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு வெளியே இடம் பார்ப்பதாக இருந்தால் உரிமம் பெற்ற ஹோட்டல் பாருங்கள். ஒரு வாரமோ அதற்கு மேலோ தங்குவார்கள், சமையலறையும் வேண்டும் என்றால் சர்வீஸ் அபார்ட்மென்ட் இருக்கிறது, அங்கே குறைந்தது ஏழு நாள். பணம் கட்டியபின் "காவலாளி கேட்டால் நண்பர் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்" என்று செய்தி வந்தால், அந்த முன்பதிவை அப்போதே ரத்து செய்துவிடுங்கள்.