ஷெல்டர் என்றால் தங்குமிடமா?

"ரோமானியக் குளியல் இடிபாடுகளுக்கான நவீன தங்குமிடம்." மறுபடியும் ஒரு கட்டுரையில் இந்த வரி. யார் தங்குகிறார்கள் அங்கே? இடிந்த சுவரா?

சொல்ல வந்தது ஷெல்டர், அதாவது அகழ்ந்தெடுத்த இடத்தின் மேல் மழை, பனி, வெயில் படாமல் எழுப்பும் கட்டடம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய சொல். கேடயங்களை நெருக்கிப் பிடித்த படையணியைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். அப்படியானால் அதன் வேரில் இருப்பது காத்தல்தான், தங்கல் இல்லை.

ஜெர்மனியின் பாடன்வைலரில் 1784இல் ஒரு ரோமானியக் குளியல்மனையைக் கண்டெடுத்தார்கள், 2001இல் அதன் மேல் பெரிய கண்ணாடிக் கூரை போட்டார்கள். இப்படிப்பட்டதற்கு ஜெர்மன் சொல் ஷுட்ஸ்டாக்: ஷுட்ஸ் என்றால் காப்பு, டாக் என்றால் கூரை. நமக்கும் காப்புக்கூரை என்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

இதைச் சொன்னால், 'பாதுகாப்புக் கட்டமைப்பு' என்று போடலாமே என்று வருகிறார்கள். இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சாலையும் கட்டமைப்பு, கணினி வலையும் கட்டமைப்பு, கட்சிக் கிளையும் கட்டமைப்பு. எதையும் கண்முன் நிறுத்தாத சொல்லுக்குப் பாதுகாப்பு என்று முன்னொட்டு வேறு கொடுத்தால் ராணுவச் செய்தி படிப்பது போலத்தான் இருக்கும். குளியல்மனைகளில் தரைக்கு அடியில் சூடான காற்று ஓடுவதற்காகக் குட்டைச் செங்கல் தூண்களை நிறுத்தியிருப்பார்கள், அவற்றில் மழைநீர் ஊறி, குளிரில் உறைந்து விரிந்தால் செங்கல் பொரிந்து உதிர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கூரை. கூரை என்ற சொல்லே இல்லாத பெயர் எதற்கு?

பேருந்து நிறுத்தத்து ஷெல்டருக்கு நிழற்குடை என்று பெயர் வைத்தவர் அகராதியைப் பார்க்கவில்லை, பொருளைப் பார்த்தார். இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த நிழற்குடையை இங்கே கொண்டுவர முடியாது. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள வில்லா ரோமானா தெல் காசாலே என்ற பழைய ரோமானிய மாளிகையில் குளியல்மனையும் தரை ஓவியங்களும் உண்டு; அங்கே கட்டடக் கலைஞர் ஃபிராங்கோ மினிசி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் போட்ட கூரைக்குக் கீழே வெப்பம் அடைந்து புழுங்கியது, பிற்பாடு அதை எடுத்துவிட்டு வேறு கூரை போட வேண்டியதாயிற்று. ஆகவே நிழல் மட்டும் தந்தால் போதாது, ஈரம், உறைபனி, புழுக்கம் எல்லாவற்றிலிருந்தும் காக்க வேண்டும். காப்பு என்றால் அத்தனையும் அடங்கும்; நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் பாடுகிறோம், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம், இதைவிடப் பழகிய சொல் எது?

சுவரும் சேர்ந்திருந்தால் என்ன சொல்வது என்பது நியாயமான கேள்வி. ஸ்விட்சர்லாந்தின் கூர் நகரில் ரோமானிய எச்சங்களைச் சுற்றி கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் 1986இல் கட்டியதற்குக் காற்று நுழையும் மரப்பட்டிகைச் சுவர்களே உண்டு. ஜெர்மனில் அது ஷுட்ஸ்பாவ், பாவ் என்றால் கட்டடம். காப்பகம் என்றால் குழந்தைகள் இல்லம் நினைவுக்கு வரும், அதனால் காப்புக்கட்டடம். கூரை மட்டும் என்றால் காப்புக்கூரை.