போக்சோ வழக்கில் ஆதரவு நபர்: யார், எதற்கு, எப்படிக் கேட்பது

ஆள்கடத்தலில் சிக்கிப் பாலியல் சுரண்டலுக்கு ஆளான 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, பையனோ பெண்ணோ, வழக்கு முடியும் வரை துணையாக ஒருவரைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. போக்சோ என்பது 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். அதன் 2020-ஆம் ஆண்டு விதிகளில் இவருக்கு ஆதரவு நபர் என்று பெயர். அலுவலகங்களில் சப்போர்ட் பர்சன் என்று கேட்டால் சட்டென்று புரியும்.

புகார் பதிவான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கு, அதாவது பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுக் குழுவுக்கு, தெரிவிக்க வேண்டும். ஆளை நியமிப்பது அந்தக் குழுதான். பிள்ளையின் சம்மதம் வேண்டும். பெற்றோரின் சம்மதமும் வேண்டும். ஆனால் கடத்தல் வழக்குகளில் சில நேரம் வீட்டு ஆட்களே புரோக்கருக்குத் துணை போயிருப்பார்கள். அதற்கும் விதியில் வழி இருக்கிறது: பிள்ளை நம்பும் வேறொருவர் சம்மதித்தாலும் போதும். இந்த உதவி கிடைக்கும் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்வது கட்டாயம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆதரவு நபருக்கான ஊதியம் அரசுடையது, குடும்பம் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

சரி, அவர் என்ன செய்வார்? ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று கூட வருவார். அடுத்த வாய்தா என்றைக்கு, அன்று என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்வார். குற்றவாளித் தரப்பிலிருந்து மிரட்டல் வந்தால் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் கொண்டுபோவார். மாதாமாதம் குழுவுக்கு அறிக்கை தருவார். நடந்ததைத் துருவித் துருவிக் கேட்பது அவர் வேலை அல்ல. பிள்ளையைப் பற்றித் தெரிந்ததை வெளியில் சொல்லவும் கூடாது. ஏற்காடு மலைக் கிராமங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால், அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பதைவிட ஏதாவது பொது இடத்தில் சந்திப்பதே நல்லது என்பேன்.

அப்புறம் பஸ் செலவு. மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து போவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். 8-வது விதிப்படி பயணம், சாப்பாடு, துணிமணிக்கு உடனடிப் பணம் தரக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். பெரும்பாலும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆதரவு நபரிடமே சொல்லிக் குழுவுக்கு எழுதச் சொல்லுங்கள். நீதிமன்றம் தரும் இடைக்கால இழப்பீடு இதில் சேராது, அது தனி.

அந்த ஆள் ஒத்துவரவில்லை என்றால் மாற்றச் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கடத்தப்பட்டு மீண்ட பிள்ளை ஒருவரை நம்ப மாதக்கணக்கில் ஆகலாம். நம்பிக்கை வராத இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

இந்த ஏற்பாடு, குற்றம் நடந்தபோதே 18 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு இல்லை. அவர்களில் பெண்கள் 181-ஐ அழைத்து ஒருங்கிணைந்த சேவை மையத்தை அணுகலாம். கடத்தலால் பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், எண் 15100. குழந்தைகளுக்கு 1098. சேலம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேரிலும் கேட்கலாம். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருந்தால் வேலை சுலபம்.