நிம்மதி தேடி வன்னிக்கு வருகிறவர்களே, தயவுசெய்து நிலத்தில் படுக்காதீர்கள்

இந்த மாரியிலும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கொழும்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, தகப்பன் வழி வந்த வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டி முல்லைத்தீவுப் பக்கம் குடிவந்தவர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) காற்று நன்றாக வருகிறதே என்று விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். விடியப்புறம் வயிற்றைப் பிசைந்திருக்கிறது. மனைவி ஓமத்தண்ணீர் அவித்துக் கொடுத்தார். வெளிச்சம் வந்த பிறகு கண்ணிமை இரண்டும் தொங்கின. நித்திரை காணாது என்று மறுபடி படுக்கச் சொன்னார்கள். எங்களிடம் வந்துசேர்ந்தபோது எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன கடிச்சது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் கடிக்கேல்ல, டொக்டர். சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்ல" என்றார் மகன்.

கடித்தது எண்ணெய் விரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். நாட்கணக்கில் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். பிழைக்காமல் போனவர்களின் வீட்டாரும் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு மாரியும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

வன்னிக்கு வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள். நானும் நகரத்துக்கு மாற்றம் கேட்காமல் இங்கேயே இருக்கிறவன்தான். இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் நின்று பார்த்தவருக்கு, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போனவருக்கு, அக்கராயன் பக்கம் காலபோக வயல் பச்சை பிடித்திருக்கும்போது வரம்பில் சைக்கிள் ஓட்டினவருக்கு, ஏன் மனிதர் கொழும்பையும் ரொறொன்ரோவையும் விட்டு இங்கே வருகிறார்கள் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2009இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போன காணியில் மறுபடி ஒரு தென்னம்பிள்ளை வைப்பது பெரிய விஷயம். அதைக் கொச்சைப்படுத்த எனக்கு மனம் வராது.

ஆனால் இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் நிம்மதியைச் சற்று உற்றுப் பாருங்கள். இரவில் ரோர்ச் இல்லாமல் முற்றத்தில் கால் வைக்கமாட்டார்கள். செருப்பைத் தட்டிவிட்டுத்தான் போடுவார்கள். வீட்டைச் சுற்றிப் பற்றை வளர விடமாட்டார்கள். ஆச்சிமார் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். நகரத்திலிருந்து வருகிறவர் அமைதியை எடுத்துக்கொண்டு இந்தப் பழக்கங்களை விட்டுவிடுகிறார்.

இனி, என்னை மிகவும் கோபப்படுத்துகிற அந்த நம்பிக்கைக்கு வருகிறேன்: "பாம்பு கடித்தால் வலிக்கும், வீங்கும், பல் அடையாளம் இருக்கும். இவை இல்லையென்றால் பாம்பு கடிக்கவில்லை."

இது முழுப்பிழை. புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தால் வலிக்கும், வீங்கும், இரத்தம் கசியும். நாகம் கடித்தாலும் கடித்த இடம் வீங்கும். நீங்கள் கேள்விப்பட்ட கதைகளெல்லாம் அவற்றைப் பற்றியவை. எண்ணெய் விரியன் வேறு இனம். அதன் பல் சிறியது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமே இராது. நுளம்பு கடித்த அளவு வலிகூடத் தெரியாமல் தூக்கத்திலேயே கடிபடுகிறவர்கள் உண்டு. பல் அடையாளத்தை நாங்களே பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் காணாத நாட்கள் இருக்கின்றன. அடையாளம் இல்லை, ஆகவே கடி இல்லை என்று வாதாடுகிற உறவினரிடம் நான் சொல்வது இதுதான்: இரவு நிலத்தில் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுவலியோடு எழும்பினால், அது எண்ணெய் விரியன் கடி என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலையைத் தொடங்குகிறோம். வாந்தி, தொண்டை அடைத்த மாதிரி இருப்பது, கண்ணிமை தொங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, குரல் மாறுவது, இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிறகு மூச்சு.

இன்னொன்று, "வீட்டுக்குள் பாம்பு எப்படி வரும்?" என்கிறார்கள். எண்ணெய் விரியன் இரவில் திரிகிற பாம்பு. மழை தொடங்கிப் பொந்துக்குள் தண்ணீர் போனால் காய்ந்த இடம் தேடி வரும். அது விரும்பித் தின்பது மற்றப் பாம்புகளை, எலியை, பல்லியை. நெல்மூட்டையும் தேங்காய்க் குவியலும் அறைக்குள் இருந்தால் எலி வரும், எலியைத் தேடி அது வரும். புது வீடு, மாபிள் பதித்த தரை என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு கண் எப்போதும் இதற்காக விழித்திருக்கும்.

2016இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்றின்படி இலங்கையில் ஒரே வருடத்தில் 80,000 பேருக்கு மேல் பாம்புக்கடிக்கு ஆளாகியிருக்கிறார்கள், இறந்தவர்கள் 400க்கும் அதிகம். 2017இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிப்பதில் நாமும் பங்காளிகள்.

விஷகடிக்கு நாட்டுவைத்தியம் செய்யும் பரியாரியாரைப் பற்றிக் கேட்பீர்கள். அவர்களில் பலர் நல்ல மனிதர்கள். காசு வாங்காமல் நடுச்சாமத்தில் எழும்பி வருவார்கள். ஆனால் மூச்சுத் தசை சோர்ந்தவருக்கு மூச்சைக் கொடுக்க அவர்களிடம் வழி இல்லை. சில பரியாரிமார் இதை உணர்ந்து, கண்ணைப் பார்த்தவுடனேயே "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று அனுப்பிவைக்கிறார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். முதலில் அங்கே, சுகம் வராவிட்டால் இங்கே என்ற ஒழுங்குதான் ஆளைக் கொல்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நடக்கும் சண்டை ஒன்றும் உண்டு. "ஏன் இன்னும் விஷமுறிவு ஊசி போடேல்ல?" கடித்தது தெரிந்தும் விஷம் ஏறிய அறிகுறி இல்லாவிட்டால் நாங்கள் போடமாட்டோம். இந்தியாவிலிருந்து வரும் அந்த மருந்துக்குப் பலருக்குக் கடும் ஒவ்வாமை வருகிறது, இரத்த அழுத்தம் விழுகிறது. அதனால்தான் 24 மணித்தியாலம் படுக்கையில் வைத்துப் பார்க்கிறோம். சும்மா வைத்திருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மறுபுறம், தசைகள் அசையாமல் போகிற வாதம் வந்த பிறகு ஊசி போட்டாலும் அது உடனே திரும்பாது. சேதமான நரம்பு முனை தானாக வளர நாட்கள் வேண்டும். அதுவரை இயந்திரம்தான் மூச்சு விடும்.

அந்த நாட்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கண் திறக்காது, கை அசையாது, கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காது. பார்க்கிறவர் ஆள் முடிந்துவிட்டது என்றே நினைப்பார். கட்டிலடியில் நின்று செத்தவீட்டு அலுவல் கதைத்த சொந்தக்காரரை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். இப்படிக் கிடக்கிறவர்கள் பலருக்குக் காது கேட்கிறது. பிழைத்து எழும்பியவர்கள், பக்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதை எங்களிடம் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அவரோடு கதையுங்கள். பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள்.

சரி, செய்ய வேண்டியவை. கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையென்றால் வாங்குங்கள், மாபிளுக்குச் செலவழித்ததில் கொஞ்சம் போதும். நுளம்புவலையைக் கட்டி ஓரத்தை மெத்தைக்குக் கீழே நாலு பக்கமும் செருகுங்கள். நுளம்பைவிட இதற்காகவே அது தேவை. நெல்லையும் விறகையும் படுக்கும் அறைக்கு வெளியே வையுங்கள். கதவின் கீழ் இடைவெளியை அடையுங்கள். இரவில் சலம் கழிக்க எழும்பினால் ரோர்ச்.

கடித்துவிட்டால் கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், விஷக்கல் வைக்காதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். கடிபட்ட காலை ஆட்டாமல் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பாம்பைத் துரத்தி அடித்து இன்னொருவரும் கடி வாங்கி வந்த கதை எங்களிடம் இருக்கிறது. தூர நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும். எண்ணெய் விரியனைப் போலவே வெள்ளை வளையத்தோடு விஷமில்லாத பாம்பும் உண்டு, எது என்ற முடிவை எங்களிடம் விடுங்கள்.

வயல் செய்ய ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு எலிக்காய்ச்சலையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது எடுத்த உயிர்கள் மறந்திருக்காது. சேற்றில் இறங்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு, வாரம் ஒரு தரம் போடும் தடுப்பு மாத்திரையை வாங்குங்கள். ஊர்க்காற்றுப் பட்டால் பிரெஷரும் சீனி வருத்தமும் போய்விடும் என்று குளிசையை நிறுத்துகிறவர்களுக்கு: போகாது. அருகிலுள்ள கிளினிக்கில் வந்த கிழமையே பதியுங்கள்.

காணி வாங்குகிறவர்கள் கிணற்றுத் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்கிறார்கள். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ வாங்கும்போது, சுவாச இயந்திரம் உள்ள ஆஸ்பத்திரிக்கு மழையிரவில் எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் எந்தப் பாதை மூடும், பக்கத்தில் யாரிடம் வாகனம் இருக்கிறது, அவருடைய இலக்கம் என்ன என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

விடியப்புறம் காரணமில்லாத வயிற்றுவலி வந்தால் ஓமத்தண்ணீர் கொதிக்கும்வரை நிற்காதீர்கள். கண்ணாடியில் இமையைப் பாருங்கள், வெளிக்கிடுங்கள். வெறும் வாய்வுதான் என்றால் ஒரு குளிசையோடு திருப்பி அனுப்புகிறோம். அதற்காக இந்த ஆஸ்பத்திரியில் யாரும் உங்களை ஏசமாட்டார்கள்.