நெடுந்தொலைவு ரைபிளில் குண்டின் பருமனும் பக்கக் காற்றும்

சென்னையில் பிறந்த ககன் நாரங் 2014 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்ற 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் எந்தக் கேலிபர் (குண்டின் விட்ட அளவு) என்ற கேள்விக்கே இடமில்லை, 5.6 மி.மீ. தோட்டாதான் விதி. 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கைச் சுடும் போட்டிகளில்தான் அந்தக் கேள்வி எழுகிறது. பெரிய குண்டு காற்றுக்கு அசையாது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை அவ்வளவு எளிதல்ல.

1952இல் அறிமுகமான .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 7.82 மி.மீ. விட்டமும் 11.3 கிராம் எடையும் கொண்ட குண்டைப் போட்டியாளர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவின் குண்டு 6.71 மி.மீ. விட்டமும் ஏறக்குறைய 9.1 கிராம் எடையும் உடையது. எடை குறைவுதான், ஆனால் காற்றின் எதிர்ப்பைத் தாங்குவதில் முக்கியமான அளவை, அதாவது எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தால் இந்தச் சிறிய குண்டே சுமார் 9 சதவீதம் முந்துகிறது. மூக்கும் நீண்டு ஒடுங்கியிருப்பதால் காற்றைக் கிழித்துச் செல்கையில் வேகத்தை மெதுவாகவே இழக்கிறது.

பக்கக் காற்று குண்டை நேரடியாகத் தள்ளுவதில்லை என்பதுதான் இதில் மிக அழகான இயற்பியல். சுழன்றபடி பறக்கும் குண்டு, காற்று வரும் பக்கமாக மூக்கைச் சற்றே திருப்பிக்கொள்கிறது. அதை அச்சின் வழியே பின்னுக்கு இழுக்கும் எதிர்ப்பு விசையின் சிறு கூறு ஒன்றுதான் அதைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. ஆகவே, காற்றே எதிர்க்காதிருந்தால் இலக்கை அடைய எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதைவிடக் கூடுதலாக ஆகும் நேரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். 1000 கெஜத்தில் .308 குண்டுக்கு அந்தத் தாமதம் சுமார் 0.56 விநாடி, 6.5 குண்டுக்குச் சுமார் 0.42 விநாடி. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்றில் முன்னது ஏறத்தாழ 2.2 மீட்டரும் பின்னது 1.7 மீட்டரும் விலகும்.

சென்னையின் புழுக்கத்தைக் கனத்த காற்று என்கிறோம். உண்மையில் நீராவி மூலக்கூறுகள் நைட்ரஜனைவிட இலேசானவை என்பதால் ஈரக்காற்று அடர்த்தி குறைந்தது. 35 டிகிரி வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட 6 சதவீதம் குறைவு. இரண்டும் சேர்வதால், குளிர்நாட்டுக் காற்றுக்குக் கணித்த குறிவைப்பு அட்டவணையை நம்பிச் சுடுபவரின் குண்டு இங்கே சற்று மேலே போய்ப் படும். நண்பகலையொட்டிக் கடற்காற்று புகுந்து திசை மாறும் பொழுதில், அரை மீட்டர் குறைவாக விலகும் குண்டு உண்மையான அனுகூலம்.

அதற்கு விலையும் உண்டு. ஒடுங்கிய குழலில் நிறைய வெடிமருந்து எரிவதால் 6.5இன் குழல் .308ஐவிட விரைவில் தேய்கிறது. எஃப்-டிஆர் என்ற நெடுந்தொலைவுப் போட்டிப் பிரிவில் .308, .223 ஆகிய இரண்டு தோட்டா வகைகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு என்பதால், அங்கே 6.5 எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பயனில்லை.