ஏஐ படத்துக்கு லேபிள் கட்டாயம், சரி, யார் பிடிப்பார்கள்?

ஏஐ உருவாக்கிய ஒரு பெண்ணுக்குக் கண்டாங்கிச் சேலை உடுத்தி, செட்டிநாட்டு வீட்டு வளவில் நிற்கிற மாதிரி ரீல் போட்டால் "இது ஏஐ" என்று போட வேண்டுமா? காரைக்குடிப் பக்கம் ஆன்லைனில் சேலை விற்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், வேண்டும். 2026 பிப்ரவரி 20 முதல் அமலில் உள்ள தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. நிஜம் போலவே தோன்றும் செயற்கைப் படம், வீடியோ, குரல் எல்லாவற்றுக்கும் இது உண்டு. வெறும் எழுத்துக்கு இல்லை. நீங்களே எடுத்த சேலைப் படத்தில் வெளிச்சம் கூட்டினாலோ நிறத்தைச் சரிசெய்தாலோ லேபிள் தேவையில்லை.

இதை எப்படி அமல்படுத்துவார்கள்? ஒவ்வொரு போனையும் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை, விதியின் பிடி முக்கியமாகச் சமூக ஊடகத் தளங்கள் மேல்தான். பதிவேற்றும்போதே ஏஐயா என்று பெரிய தளங்கள் உங்களைக் கேட்க வேண்டும், நீங்கள் சொன்னது சரியா என்று தொழில்நுட்பத்தை வைத்துச் சோதிக்கவும் வேண்டும். லேபிள் இல்லாததைத் தளம் தெரிந்தே விட்டுவிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79வது பிரிவு தரும் பாதுகாப்பு போய், யாரோ போட்ட பதிவுக்கு அந்த நிறுவனமும் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஓட்டை இருப்பது வாட்ஸ்அப்பில். ஏஐ என்று காட்டக் கோப்புக்குள் பதித்த அடையாளம் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே போய்விடும், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்க முடிகிற மறையாக்கம் இருப்பதால் உள்ளே என்ன போகிறது என்று அந்த நிறுவனத்தாலும் பார்க்க முடியாது. தேவகோட்டையில் இருக்கும் ஓர் ஆச்சிக்கு, ஒரு பிரபலம் "இதில் பணம் போடுங்கள்" என்று பேசும் போலி வீடியோ நாலு குரூப் தாண்டி வருகிறது என்று வையுங்கள், அதில் லேபிள் எங்கே இருக்கும், மோசடி செய்கிறவன் அதை ஒட்டவா போகிறான்? லேபிள் இல்லையே, அப்போ நிஜம்தான் என்று ஆச்சி நம்பிவிடுவாரோ என்பதுதான் என் பெரிய கவலை. லேபிள் இல்லை என்பதாலேயே அது நிஜம் ஆகிவிடாது என்பதை மட்டுமாவது வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

ஆனால் புகார் கொடுத்தால் விதிக்கு வலு இருக்கிறது. உங்கள் முகத்தை வைத்து ஆபாசமாகவோ ஆள்மாறாட்டமாகவோ ஏதாவது வந்தால், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 2 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். கோர்ட்டோ அரசோ உத்தரவிட்டால் 3 மணி நேரம், முன்பு இது 36. புகார் கொடுப்பதற்கு முன்பே லிங்க்கையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நீக்கிவிட்டால் அப்புறம் ஆதாரம் கிடைக்காது. தளத்தின் முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் மனுப் போடலாம். பணமே போய்விட்டது என்றால் தளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்காமல் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் பண்ணுங்கள்.